விடுப்புக் கடிதம்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அலுவல் கடிதம் கற்பிக்கும் வாரம் அது. ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அனுப்புநர், பெறுநர், 'ஐயா', அடுத்து 'விடுப்பு விண்ணப்பித்தல்' என்று கோடிட்ட தலைப்பு, கடைசியில் 'இங்ஙனம், தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்'. நான் மாணவியாக இருந்த காலத்திலும் இதே அமைப்புதான். காய்ச்சலைத் தவிர வேறு காரணம் எழுதிய பிள்ளையை இருபத்தேழு ஆண்டுப் பணியில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அன்று எல்லாரும் காய்ச்சலை எழுதிக்கொண்டிருக்க, பின்வரிசையில் அமரும் மாணவி ஒருத்தி மட்டும் எழுதாமல் இருந்தாள். அருகில் சென்றேன்.

"டீச்சர், இந்த மாதிரி எழுதிக் குடுத்தா எங்கம்மாவுக்கும் லீவு குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதற்கு முந்திய வாரம் நான் செய்த ஒரு காரியம் எனக்கு நினைவு வந்துவிட்டது. தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளுக்கு அச்சிறுமியின் தாய் மூன்றாம் முறையாக வரவில்லை. "உன் அம்மாவுக்கு உனக்காக ஒருநாள் கூடவா கிடைக்காது?" என்று பிள்ளைகள் அனைவரின் முன்னிலையிலும் நான் அவளைக் கேட்டிருந்தேன். என் கேள்விக்கான பதிலைத்தான் அவள் இப்போது தேடிக்கொண்டிருந்தாள் போலும்.

இப்பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது. எங்கெங்கோ சுற்றித்தான் அதற்கு வருவேன், பொறுத்தருள்க.

எங்கள் குடும்பம் ரந்தாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம். என் தாத்தா பால்வெட்டுக்காரர் அல்லர். பெரிய துரையின் பங்களாவில் சமையற்காரர். செக்ரோலில் அவர் பெயர் இல்லை. துரை தம் கையிலிருந்து தரும் சம்பளம். வெட்டுக்காட்டுக் கூலியைவிடச் சற்றுக் கூடுதல். வயிற்றுக்குப் பங்களாச் சோறு. லயத்தில் அவருக்குத் தனி மதிப்பு இருந்ததாகப் பாட்டி பெருமையாகச் சொல்வார்.

அந்த மதிப்புக்கு ஓர் ஆயுள் இருந்தது. துரை கப்பலேறும் வரைதான் அது.

வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளுக்குப் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டு ஒப்பந்தம். முடிந்ததும் பல மாதங்கள் தாயக விடுப்பு. சம்பளம் உண்டு, கப்பற்செலவு உண்டு. என் தந்தையார் பிறந்த 1938ஆம் ஆண்டு வாக்கில் எங்கள் தோட்டத்துத் துரையும் அவ்வாறு புறப்பட்டார். பதில் துரை தம்முடைய சமையற்காரரைக் கையோடு அழைத்து வந்தார். தாத்தாவுக்கு வேலை போகவில்லை, புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். துரைக்கு விடுப்புச் சம்பளம், தாத்தாவுக்கு நாட்கூலி. "தொரை கப்பல் ஏறுனா நம்ம அடுப்புல பாதி அணைஞ்சிரும்" என்பார் பாட்டி.

தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து எனக்கு வந்து சேர்ந்த ஒரே பொருள், அந்தத் துரை புறப்படுமுன் எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதம். நேர்மையானவர், சுத்தமானவர், இறைச்சி வாட்டுவதில் வல்லவர், மது அருந்தாதவர் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கடைசிச் சொல்லை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஓர் ஆளைச் சார்ந்து நிற்கும் இந்த வேலைமுறை தோட்டத்துப் பங்களாவில் தோன்றியதன்று. மேலிடத்திலிருந்து இறங்கி வந்தது. ஆளுநர் மாளிகைதான் அதன் மூல வடிவம். சிங்கப்பூரில் இருந்த நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநரே மலாய்க் கூட்டு மாநிலங்களின் உயர் ஆணையராகவும் இருந்தார். 1896 முதல் அக்கூட்டமைப்பில் நெகிரி செம்பிலானும் ஒன்று. சிரம்பானில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கும் அவர்தாம் மேலதிகாரி. ஆளுநரைச் சுற்றி ஓர் அந்தரங்கச் செயலாளர், படையிலிருந்து இரவல் பெற்ற ஏ.டி.சி. எனப்படும் உதவியாளர். அவர்களுக்கும் கீழே டபேதார், சமையற்காரர், தோட்டக்காரர், சலவைக்காரர் என ஒரு பட்டாளம். அதில் மேல்வரிசைக்கு விடுப்பும் சம்பளமும் அச்சிட்ட விதிகளில் அடங்கின. முழுச்சம்பள விடுப்பு எத்தனை நாள், அரைச்சம்பள விடுப்பு எத்தனை நாள், கப்பற்பயணத்துக்கு யார் பணம் கட்டுவது, ஒருவர் விடுப்பில் இருக்கையில் அவருடைய இடத்தில் இருப்பவருக்கு எவ்வளவு என்றெல்லாம் பத்தி பத்தியாக எழுதிவைத்தார்கள். ஆளுநர் விடுப்பில் போனால் அவர் சம்பளத்தில் ஒரு பாதி பதிலாள்பவருக்குச் செல்வது குடியேற்ற நாடுகளில் பரவலான ஏற்பாடு. கீழ்வரிசையின் கதை பெரும்பாலும் என் தாத்தாவின் கதைதான்.

சென்னை மாகாணத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நம் முன்னோர் கப்பலேறிய மண் அல்லவா? முன்பெல்லாம் இந்தியாவில் ஆளுநர் பதவியில் இருப்பவர் பதவியை விடாமல் விடுப்பில் தாயகம் போக முடியாது. அதை மாற்றவே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1924இல் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. பதவிக்காலத்தில் ஒருமுறை, நான்கு மாதம் வரை விடுப்பு! அதன் பயனாக ஒரு நாற்காலி ஆட்டமே நடந்தது. 1929இல் வைஸ்ராய் இர்வின் விடுப்பில் இங்கிலாந்து சென்றபோது சென்னை ஆளுநர் கோஷன் வைஸ்ராயாகப் பதிலாண்டார். சென்னையில் கோஷன் இடத்தில் நார்மன் மார்ஜோரிபேங்க்ஸ் அமர்ந்தார். ஒருவர் ஊருக்குப் போனதற்காக ஒரு பேரரசே நகர்ந்து உட்கார்ந்தது.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் சென்னை ஆளுநருக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. மாதம் பத்தாயிரம். அவருடைய படிகள், அலுவலகச் செலவு ஆகியவை மாகாண வருவாயின்மீது நேரடியாகச் சுமத்தப்பட்டன. சட்டமன்றத்தின் வாக்கெடுப்புக்கு அவை வரமாட்டா. வாக்கெடுப்புக்கு வராத மற்றச் செலவுகளைப் பற்றியாவது உறுப்பினர்கள் பேசலாம். ஆளுநர் மாளிகைச் செலவைப் பற்றிப் பேசவும் சட்டம் இடம் தரவில்லை. 1937இல் இராஜாஜியின் அமைச்சரவை பொறுப்பேற்றபோதும் நிலை இதுதான்.

இப்போது அதே ஆண்டுகளில் இந்தப் பக்கம் வருவோம்.

தோட்டத் தொழிலாளிக்கும் எழுத்தில் விதிகள் இருந்தன. இல்லை என்று சொன்னால் அது பொய். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அவற்றுள் முதன்மையானது. நம் பள்ளிகளுக்கும் அதற்கும் உறவுண்டு: தோட்டத்தில் ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே பள்ளி அமைக்கத் தோட்ட நிர்வாகத்தைப் பணிக்கலாம் என்றது அச்சட்டம். நெகிரி செம்பிலானில் இன்று ஏறத்தாழ அறுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன என்றால் அவற்றுள் பலவற்றின் வேர் அந்தப் பத்துப் பிள்ளைகள் கணக்கில் இருக்கிறது. ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஒரு வாத்தியார். பல இடங்களில் அந்த வாத்தியாரே பிற்பகலில் கிராணிக்குக் கணக்கு எழுதுபவராகவும் இருந்தார்.

ஆனால் ஊதிய விதியின் அடிப்படை வேறு. 1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளிக்கான நிலையூதியம் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்ததும் அது 40 காசு, 32 காசு என இறங்கியது. மாதம் இருபத்து நான்கு நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் நல்ல காலத்தில் ஆணுக்குப் பன்னிரண்டு வெள்ளி. வெள்ளியின் மதிப்பு 1906 முதல் இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டிருந்தது. எனவே பன்னிரண்டு வெள்ளி என்பது ஒரு பவுன் எட்டு ஷில்லிங். பெண்ணுக்கு ஒன்பது வெள்ளி அறுபது காசு. பெண் வெட்டும் மரம் பால் குறைவாகத் தருமா என்று எந்த விதியும் கேட்கவில்லை!

இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'நாள்'. அதிகாரிக்கு மாதச் சம்பளம். அவர் வராத நாளுக்குப் பெயர் 'விடுப்பு'. தொழிலாளிக்கு நாட்கூலி, வராத நாளுக்குப் பெயர் 'ஆப்சென்ட்'. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. விடியற்காலைப் பெரட்டில் நிற்காதவன் பெயருக்கு நேராகக் கிராணி ஒரு கோடு இழுப்பார். தாயக விடுப்பைப் பற்றிய நீண்ட பத்திகளும் அந்த ஒற்றைக் கோடும் ஒரே அரசின் கீழ் எழுதப்பட்டவை.

1936ஆம் ஆண்டு இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய அறிக்கை 50 காசு, 40 காசு ஊதியத்தை மீட்டுத் தரப் பரிந்துரைத்தது. அவ்வறிக்கையின்மீது இங்கிருந்த இந்தியர் பலருக்கு மனக்குறை உண்டு, எனக்கும் உண்டு. இவ்வளவு தூரம் வந்தவர் இன்னும் கொஞ்சம் உரத்துப் பேசியிருக்கலாம் என்றே தோன்றும். 1938இல் விலை மறுபடி சரிந்து ஊதியக் குறைப்பும் வந்தபோது, ஜூன் மாதத்தில் இந்திய அரசு உதவிபெற்றுக் குடியேறுவதைத் தடைசெய்தது. தாத்தா புல்வெட்டப் போனது அந்த ஆண்டில்தான் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது, வீட்டுக் கதைகள் வரலாற்றோடு எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று வியந்தேன்.

ஆளுநர் ஷெண்டன் தாமஸ் 1940 ஏப்ரலில் விடுப்பில் இங்கிலாந்து சென்று டிசம்பரில்தான் திரும்பினார். போர்க்காலம், இருந்தும் எட்டு மாதம். அவர் திரும்பிய சில மாதங்களில், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூடும் நடந்தது. தொழிலாளர் கேட்டவற்றுள் கூலி உயர்வோடு வேறொன்றும் இருந்தது: துரை எதிரே வரும்போது சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள் என்பது. எந்தச் சட்டத்திலும் இல்லாத அந்த வழக்கத்தைத்தான் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கூலியைவிட அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள்.

தாத்தாவும் ஒருமுறை விடுப்புக் கேட்டிருக்கிறார். தொட்டியம் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய தாயார் இறந்த செய்தி கடிதத்தில் வந்தது. கடிதம் வருவதற்குள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. ஊருக்குப் போவது நடக்கிற காரியமா? தலைமுழுகி ஒரு நாள் வீட்டில் இருக்க அனுமதி கேட்டார். துரை மறுக்கவில்லை, கனிவாகவே பேசினாராம். ஆனால் அன்று மாலை போர்ட்டிக்சனிலிருந்து விருந்தினர் வருகிறார்கள், சமையலை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்றாராம். தாத்தா காலையில் தலைமுழுகிவிட்டு மாலையில் கோழி வாட்டினார். அதைப் பற்றித் துரைமேல் அவர் குறை சொன்னதே இல்லை என்பார் பாட்டி. அதுதான் பாட்டிக்குக் கோபம்.

நாடு விடுதலை பெறுமுன்னரே நிலைமை மாறத் தொடங்கியது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது, பி.பி. நாராயணன் அதை நடத்தினார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தோட்டத் தொழிலாளிக்கு மாதம் இருபத்து நான்கு நாளாவது வேலை தரவேண்டும், தரத் தவறினால் அந்நாளுக்கும் கூலி தரவேண்டும் என்றது. இன்றுள்ள விதிப்படி ஈராண்டுக்குக் குறைந்த பணிக்கு ஆண்டில் 8 நாள், ஐந்தாண்டுக்குக் குறைந்ததற்கு 12 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலுமானால் 16 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு. நோய் விடுப்பு தனி. பேறுகால விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாள்.

நான் ஓர் அரசு ஊழியர். என் விடுப்புகள் 1974ஆம் ஆண்டுப் பொது ஆணைகளின் 'சி' அத்தியாயத்திலும் அதன்பின் வந்த சுற்றறிக்கைகளிலும் இருக்கின்றன. 'பொது ஆணைகள்' என்ற பெயரும் அமைப்பும் வெள்ளைக்கார அதிகாரிகளின் காலத்திலிருந்து வந்தவை. நான் விடுப்பெடுத்தால் என் மாதச் சம்பளத்தில் ஒரு காசு குறையாது. ஆளுநர் மாளிகைக்காக எழுதப்பட்ட விதிகளின் கொள்ளுப்பேத்தி என் கையில் இருக்கிறது. கிராணியின் கோட்டுக்குக் கொள்ளுப்பேத்தி என் மாணவியின் வீட்டில் இருக்கிறது. இதை உணராமல்தான் "ஒருநாள் கூடவா கிடைக்காது?" என்று நான் கேட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அவள் வீட்டுக்குச் சென்றேன். செம்பனைத் தோட்டத்து வரிசை வீடு. தாயார் அப்போதுதான் காட்டிலிருந்து வந்து காலணியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறிவிட்டார்.

"வாங்க டீச்சர், பிள்ள ஏதாச்சும் சேட்டை பண்ணிட்டாளா?"

"இல்லம்மா. நான்தான் தப்பா ஒன்னு பேசிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவருக்கு உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. தோட்டத்து நேரடி ஆளல்லர், குத்தகைக்காரரிடம். எத்தனை சாக்கு நிரம்புகிறதோ அத்தனைக்குக் கூலி. ஆறு ஆண்டாக ஒரே குத்தகைக்காரர். வராத நாளுக்குக் கூலி இல்லை. மறுநாள் நல்ல வரிசையும் கிடைக்காதாம். "லீவு கீவெல்லாம் கம்பெனி ஆளுங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்றார்.

ஆறு ஆண்டு என்றால் 16 நாள் என்று சொன்னேன். சாக்குக் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு, 2025இல் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது என்றேன். தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யக் கட்டணம் கிடையாது, நானே கூட வருகிறேன் என்றும் சொன்னேன். அவர் தேநீர் கலக்கிக்கொண்டே கேட்டார். முடிவில், "நீங்க சொல்றது சரிதான் டீச்சர். ஆனா நீங்க சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவீங்க. நான் காலையில அவருகிட்டதான் போய் நிக்கணும்" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. தாத்தா ஏன் குறை சொல்லவில்லை என்பது அன்று கொஞ்சம் விளங்கியது.

என்னால் முடிந்தது ஒன்றுதான். தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் பேசினேன். அடுத்த தேர்ச்சி அறிக்கையைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், மாலை ஏழு மணிக்கு மேல், சம்பளம் போட்ட மறுநாள் வழங்குவதென்று முடிவாயிற்று. ஆசிரியர் சிலருக்கு முணுமுணுப்பு. இரவில் வண்டியோட்ட வேண்டுமே என்று. நியாயந்தான். ஆனால் வழக்கமாகப் பள்ளிக்கு வராத பதினொரு குடும்பங்கள் அன்று வந்தன. என் மாணவியின் தாயாரும் வந்தார். குளித்து, பூ வைத்து, முன்வரிசையிலேயே அமர்ந்தார். கணிதத்தில் மகள் பெற்ற புள்ளியை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மற்றப் பள்ளிகளிலும் இப்படி முயன்றவர்கள் இருந்தால் எழுதுங்கள். குத்தகைத் தொழிலாளரின் விடுப்பைப் பற்றிப் பேசி வென்றவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அந்த வழி எனக்குத் தேவைப்படுகிறது.

அந்த விடுப்புக் கடிதத்தை மறந்துவிட்டேனே. மறுவாரம் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தும்போது அவளுடையது வந்தது. பெறுநர் இடத்தில் தலைமையாசிரியர் இல்லை. 'குத்தகைக்காரர் ஐயா அவர்கள்' என்றிருந்தது. காரணம் காய்ச்சல் அன்று. 'என் மகள் பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள். அதைக் கேட்டு வர ஒருநாள் விடுப்பும் அந்த நாளுக்குரிய சம்பளமும் தர வேண்டுகிறேன்' என்று எழுதி, கீழே தாயாரின் பெயரைப் போட்டிருந்தாள். 'விடுப்பு' என்பதில் ஒற்று ஒன்று விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் சிவப்பு மையில் சேர்த்துப் பத்துக்கு ஒன்பது கொடுத்தேன். பிழையைத் திருத்தி, தனித்தாளில் மறுபடி எழுதிக்கொண்டு போனாள். அம்மாவிடம் கொடுத்தாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை.